அம்மம்மாவின் முற்றமும் அரசின் பொறுப்பும்
யாழ்ப்பாணக் குடாநாட்டிற் குழந்தைப் பராமரிப்பின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

இலங்கையின் சமூகநல வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரண்டு சாதனைகளை முதன்மைப்படுத்துவர். ஒன்று பொதுச் சுகாதாரம். மற்றையது இலவசக் கல்வி. இவ்விரண்டும் பெருமைக்குரியன என்பதில் ஐயமில்லை. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, மருத்துவிச்சியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைக் குடியானவனின் பிள்ளைக்கும் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தது. முந்தியது பிள்ளையின் பிறப்பை அரசின் கவனத்துக்குரிய விடயமாக்கிற்று. பிந்தியது ஐந்து வயதுக்குப் பிற்பட்ட வாழ்வை அரசின் பொறுப்பாக்கிற்று.

ஆயின் இவ்விரண்டுக்குமிடையே ஓர் இடைவெளி உண்டு. மருத்துவிச்சி விடைபெற்றுச் செல்லும் நாளுக்கும், பிள்ளை பாடசாலை வாசலை மிதிக்கும் நாளுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அப்பிள்ளையைப் பகற்பொழுதிற் பார்த்துக்கொள்பவர் யார்? தாய் வயலிலோ, வகுப்பறையிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்கும் எட்டு மணி நேரமும் அப்பொறுப்பு யாருடையது? இவ்வினாவை அரசு நெடுங்காலம் தன் வினாவாகக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்வாறு கொள்ளாதிருக்க அரசுக்கு இயன்றது எதனால், அந்நிலை எக்காலத்தில் தகர்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழந்தைப் பராமரிப்பு என்பது வெறும் வீட்டு விவகாரம் எனக் கருதும் மனப்பாங்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. எனினும் அது உழைப்பு. நாளைய உழைப்பாளியை உருவாக்கும் உழைப்பு. கூலி பெறாமையால் அது கணக்கிற் சேர்வதில்லை; கணக்கிற் சேராமையால் கொள்கை வகுப்போர் கண்ணிற் படுவதுமில்லை. தொழிற்படை பற்றிய உத்தியோகபூர்வப் புள்ளிவிபரங்கள், வீட்டு வேலையில் ஈடுபட்டுள்ள பெண்ணைப் பொருளாதார ரீதியிற் செயற்படாதவள் என வகைப்படுத்துகின்றன. விடியுமுன் எழுந்து இரவில் இறுதியாகப் படுப்பவளைச் செயற்படாதவள் எனக் கூறும் அளவுகோல் எத்தகையது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

2

இலங்கையிற் பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு முதன்முதலிற் பரவலாக நிறுவன வடிவம் பெற்ற இடம் பெருந்தோட்டமே. மலையகத் தொழிலாளர் பிள்ளைக்காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் வழங்கிய அவ்விடம் தாய்மார் மீதான கருணையினால் உருவாகியது அன்று. கொழுந்து பறிக்கும் வேலையிற் பெரும்பகுதி பெண்களின் கைகளிலேயே தங்கியிருந்தது. கைக்குழந்தையுடன் ஒருத்தி மலை ஏறிக் கொழுந்து பறித்தல் இயலாது. அவள் லயத்திலே தங்கிவிட்டாற் கொழுந்து முற்றிவிடும். எனவே வயது முதிர்ந்த ஆயா ஒருத்தியின் பொறுப்பில் ஒரு கொட்டகையிற் பிள்ளைகளை விடுவது தோட்ட முகாமைத்துவத்தின் உற்பத்தித் தேவையாயிற்று. தொட்டிலாகத் தொங்கிய சேலைத் துணியும் மண் தரையுமே பல காலமாக அதன் சொத்து. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னரும் இந்நிலையங்கள் படிப்படியாகச் சீர்திருத்தப்பட்டன. சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற பெயரும் பெற்றன. எனினும் அடிப்படைத் தர்க்கம் மாறவில்லை. முதலுக்குப் பெண்ணின் நாட்கூலி உழைப்பு ஓரிடத்திற் பெருந்தொகையாகத் தேவைப்பட்டபோதே பிள்ளைக்கு ஒரு கூரை கிடைத்தது.

இதே தர்க்கத்தை உலக வரலாற்றிலும் காணலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசு, ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டபோது, ஏறத்தாழ 1,500 பகல்நேரக் குழந்தை நிலையங்களை நிறுவியது. போர் முடிந்து ஆண்கள் வேலைக்குத் திரும்பியதும் அவற்றுக்கான உதவியைக் குறைத்தது, பெரும்பாலானவை மூடப்பட்டன. பிள்ளையின் தேவையோ தாயின் உரிமையோ அளவுகோலாக அமையாதவிடத்து, தொழிற்சந்தையின் ஏற்ற இறக்கமே அளவுகோலாகிவிடுகிறது.

குடாநாட்டிலோ பெருந்தோட்டமும் இல்லை. பெண்களைப் பெருந்தொகையாக ஒருங்கு திரட்டிய ஆலையும் இல்லை. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஆண்களின் தொழிற்களமாகவே விளங்கிற்று. சுருட்டுக் கொட்டில்களும் அவ்வாறே. பெண்களின் உழைப்பு தோட்டக் காணிகளிலும், கடற்கரைகளிலும், பனையோலைப் பின்னலிலும், நெசவு நிலையங்களிலும் சிதறிக் கிடந்தது. வெங்காயம் நடுதல், களை பிடுங்குதல், மிளகாய் ஆய்தல், புகையிலை பதனிடுதல், கருவாடு உலர்த்துதல் ஆகிய யாவும் பெண்களின் கைப்பட்டே நிறைவேறின. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் பெருவிலை பெற்ற காலத்தில் குடாநாட்டு விவசாயம் கண்ட செழிப்பைப் பலரும் விதந்து கூறுவர். அச்செழிப்பின் பின்னே குனிந்து நின்ற கூலிப் பெண்களின் குழந்தைகள் வரம்போரத்து மரநிழலில் வளர்ந்தமை பற்றி எவரும் கூறுவதில்லை.

3

சட்டத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. 1931இற் சர்வசன வாக்குரிமை பெண்களுக்கும் கிட்டியது. அரசாங்க சபையிற் பெண்கள் மிகச் சிலரே அமர்ந்தனர்; அவர்களுள் 1932இற் கொழும்பு வடக்கிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட தமிழ்ப் பெண்மணி நேசம் சரவணமுத்துவும் ஒருவர். அச்சபையின் காலத்திலேதான் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. கூலி பெறும் பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டி ஆறு வாரகால நன்மையை அது வழங்கிற்று. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பிறிதொரு பகுதியினரைத் தன்னுள் அடக்கிற்று. பின்வந்த திருத்தங்கள் விடுமுறையை நீடித்தன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டத் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் வழங்கப்படல் வேண்டும் என்றும், வேலைத்தலத்திற் பராமரிப்பு நிலையம் இருப்பின் அவை அரைமணி நேரமாகவும் இல்லாவிடின் ஒரு மணி நேரமாகவும் அமைதல் வேண்டும் என்றும் சட்டம் கூறிற்று. குறித்த தொகைக்கு மேற்பட்ட பெண்களை வேலைக்கமர்த்துவோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிலையம் அமைத்தல் வேண்டும் என்ற ஏற்பாடும் சட்டநூலில் இடம்பெற்றது.

ஏட்டளவில் இவை சிறந்த ஏற்பாடுகளே. ஆனால் அவற்றின் உள்ளமைப்பை நோக்குதல் அவசியம். உரிமை அனைத்தும் முதலாளி ஒருவனுடன் பிணைக்கப்பட்டுள்ளது. பேற்றுக்கு முற்பட்ட ஓராண்டில் அதே முதலாளியிடம் 150 நாட்கள் வேலை செய்திருத்தல் நிபந்தனையாக விதிக்கப்பட்டது. இந்நிபந்தனையைக் குடாநாட்டு யதார்த்தத்துடன் பொருத்திப் பார்ப்போம். திங்கட்கிழமை ஒருவர் தோட்டத்திற் களை பிடுங்கி, புதன்கிழமை மற்றொருவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி, மாரியில் வேலையின்றி இருக்கும் பெண்ணுக்கு 150 நாட்களை எந்த முதலாளி சான்றுப்படுத்துவான்? குடும்பக் காணியிற் கணவனோடு சேர்ந்து கூலியின்றி உழைப்பவளுக்கு முதலாளி யார்? வீட்டுத் திண்ணையிற் பனையோலைப் பெட்டி இழைப்பவளின் வேலைத்தலம் எது? சட்டம் அவளைத் தடுக்கவில்லை. அவள் இருப்பதை அறியவுமில்லை.

சட்டத்தின் மற்றொரு விளைவும் குறிப்பிடத்தக்கது. நன்மையின் முழுச் செலவும் முதலாளியின் தலையில் விழுந்தது. சமூகக் காப்புறுதி நிதியோ அரசின் பங்களிப்போ இதிற் சேரவில்லை. இதனால் மணமான இளம் பெண்ணை வேலைக்கமர்த்தத் தயங்கும் போக்குக்குச் சட்டமே ஒரு சாட்டாக அமைந்தது. நிலையம் அமைக்கும் பொறுப்பும் பெண் ஊழியரின் தொகையோடு பிணைக்கப்பட்டதால், பெண்களைக் குறைவாக வேலைக்கமர்த்துபவன் பொறுப்பினின்றும் தப்பலாம். பிள்ளை தாய்க்கு மட்டும் உரியது, தந்தைக்கன்று என்ற எண்ணம் இவ்வேற்பாட்டின் அடியில் மறைந்துள்ளது.

அரசாங்க ஊழியர் நிலை இதனின்றும் வேறுபட்டது. 2005ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி அரச பெண் ஊழியர் 84 நாட்கள் முழுச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் விடுமுறை பெறும் தகுதியினர். ஆண் ஊழியருக்கோ மூன்று நாட்களே. தனியார்துறைப் பெண்ணுக்கு, மூன்றாம் பிள்ளையாயினும் 84 நாட்கள் என்ற சமத்துவம் 2018இலேதான் கிட்டிற்று. ஆசிரியையும் எழுதுவினைஞரும் ஒரு நியதிக்கும், கடைச் சிப்பந்தி மற்றொரு நியதிக்கும், களை பிடுங்கும் பெண் எந்நியதிக்கும் உட்படாத நிலைக்கும் ஆளாயினர். வர்க்க வேறுபாடு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

4

எனின், சட்டத்துக்கு வெளியே நின்ற இப்பெண்கள் எவ்வாறு பிள்ளை வளர்த்தனர்? விடை யாழ்ப்பாணக் குடும்ப அமைப்பில் உள்ளது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, பெண்ணுக்குச் சீதனத்தின்மீது தனியுரிமையை ஏற்றுக்கொண்டது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது வழமையாயிற்று. இதன் விளைவாக, மணமான மகள் தாயின் வளவிலேயோ அதற்கு அணித்தாகவோ வாழ்ந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வேலிக்குள் அல்லது அடுத்தடுத்த வேலிகளுக்குள் குடியிருந்தனர். வேலியிற் பொட்டு ஒன்று இருந்தாற் போதும். பிள்ளை அம்மம்மாவின் முற்றத்துக்குப் போய்விடும். இதுவே குடாநாட்டின் எழுதப்படாத பகல்நேரப் பராமரிப்பு நிலையம்.

இவ்வமைப்பை நாம் இலட்சியமயப்படுத்தல் தகாது. முதலாவதாக, அது சொத்துள்ளோரின் அமைப்பு. சொந்த வளவு இல்லாது பிறர் காணியிற் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே அம்மம்மாவும் கூலிக்குப் போனவளே. அங்கே மூத்த பெண்பிள்ளையே தாயானாள். தம்பியை இடுப்பிற் சுமந்தவளின் பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. இலவசக் கல்வி வந்த பின்னரும் ஏழைப் பெண்பிள்ளைகள் பலரைப் பாடசாலையினின்றும் இடைவிலகச் செய்த காரணங்களுள் இதுவும் ஒன்று. இரண்டாவதாக, மத்தியதர வர்க்கத்தினர் சிலர் மலையகத்தின் ஏழைக் குடும்பங்களினின்றும் கொண்டுவந்த சிறுமியரைத் தம் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் அமர்த்தினர். உத்தியோகம் பார்த்த தாயின் விடுதலை, வேறொரு தாயின் பிள்ளையின் பிள்ளைப்பருவத்தை விலையாகக் கொண்டது. வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது 2021இலேதான் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பிள்ளையைப் பிறர் கையில் விடுதல் நமது பண்பாட்டுக்கு ஒவ்வாது எனக் கூறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு வரலாறு கூறும் மறுமொழி எளியது. யாழ்ப்பாணத்தில் உழைக்கும் தாயின் பிள்ளை எக்காலத்திலும் பிறர் கையிலேயே வளர்ந்தது. அக்கை கிழவியினதா, சிறுமியினதா, வேலைக்காரப் பிள்ளையினதா என்பதே வேறுபாடு. கூலியின்றியோ அரைக்கூலிக்கோ கிடைத்த அவ்வுழைப்பையே நாம் பண்பாடு என அழைத்து வந்துள்ளோம்.

5

அரசு விட்ட இடைவெளியை ஊரவர் முயற்சி ஓரளவு நிரப்பிற்று. 1930களில் டொக்டர் மேரி ரட்ணத்தின் முன்முயற்சியால் தோன்றிய லங்கா மகிளா சமிதி, கிராமப்புறப் பெண்களைச் சங்கமாகத் திரட்டும் வழியைக் காட்டிற்று. சுதந்திரத்தை அடுத்து எழுந்த கிராம அபிவிருத்தி இயக்கத்தின் வழியே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் குடாநாட்டின் ஊர்தோறும் அமைந்தன. அதே காலப்பகுதியிற் பரவிய சனசமூக நிலையங்கள், பத்திரிகை வாசிக்கும் மண்டபத்தின் ஒரு பக்கத்திலோ, அருகில் இறக்கிய ஒரு கொட்டகையிலோ பாலர் பாடசாலை நடத்தின. 1944இல் மரியா மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்து பயிற்சி அளித்ததை ஒட்டி அவரது கல்விமுறையும் நகர்ப்புறங்களிற் செல்வாக்குப் பெற்றது.

இம்முயற்சிகளின் பெறுமதி பெரிது. ஊரவர் காணி கொடுத்தனர், கிடுகு வேய்ந்தனர், ஊர்ப் பெண்ணொருத்தி சொற்ப வேதனத்துக்கு ஆசிரியையானாள். 1930களில் மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலையை நிறுவிய அதே கூட்டு மனப்பான்மையே இங்கும் தொழிற்பட்டது. ஆயினும் மூன்று வரையறைகளை இங்குக் குறிப்பிடல் வேண்டும். சனசமூக நிலையம் தன் குறிச்சிக்கு உரியது. குறிச்சியோ சாதியின் எல்லை. எனவே வசதியுள்ள குறிச்சியின் நிலையம் கல்வீடாக, வறிய குறிச்சியின் நிலையம் ஓலைக்கொட்டிலாகவே இருந்தது. இரண்டாவதாக, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அங்கு இடமில்லை. மூன்றாவதும் முக்கியமானதும் நேரம் பற்றியது. பாலர் பாடசாலை காலையிற் சில மணி நேரமே நடந்தது. மதியத்துக்கு முன்னரே பிள்ளையைக் கூட்டிச் செல்ல ஒருவர் வாசலில் நிற்றல் வேண்டும். வேலைக்குப் போகும் தாய்க்கு அது கல்வி, பராமரிப்பு அன்று. இவ்வேறுபாட்டை உணராமையினாலேயே, முன்பள்ளிகளின் தொகையைக் காட்டிக் குழந்தைப் பராமரிப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டதெனக் கூறும் வழக்கம் அதிகாரிகளிடையே நிலைத்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்ததை ஒப்பு நோக்கின் இது மேலும் தெளிவாகும். இந்தியாவில் 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982இல் தமிழ்நாட்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பள்ளிப் பருவத்துக்கு முற்பட்ட பிள்ளைகளையும் உள்ளடக்கியது. அங்கன்வாடி ஊழியரின் ஊதியமும் நிலைமையும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானவை. எனினும் கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நேரச் சோறும் ஒரு கூரையும் வழங்குவது முதலாளியின் கடமையன்று, அரசின் கடமை என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது. இலங்கையில் 1973இல் அறிமுகமான திரிபோஷா, சத்துமாவுப் பொதியைத் தாயின் கையிற் கொடுத்தது. அதனைப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய நேரத்தை அவளுக்கு எவரும் கொடுக்கவில்லை.

6

அம்மம்மாவின் முற்றம் என நாம் குறிப்பிட்ட அமைப்பைச் சிதைத்தது சட்டமுமன்று, நாகரிகமுமன்று, போரே. 1983இன் பின்னர் பெருகிய புலப்பெயர்வு, ஒரே வேலிக்குள் வாழ்ந்த சகோதரிகளைக் கண்டங்களாற் பிரித்தது. பிள்ளைகளைத் தொடர்ந்து மூத்தோரும் வெளியேறினர். யாழ்ப்பாணத்து அம்மம்மா ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பேரப்பிள்ளை பார்க்கச் சென்றாள். அங்குள்ள மகளின் பராமரிப்புச் செலவை அவளது கூலியற்ற உழைப்பு ஈடுசெய்தது. இங்குள்ள மகளுக்கு முற்றம் வெறுமையாயிற்று. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோதும், சிதறியவை வீடுகள் மட்டுமல்ல. ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்க்கும் அயல் உறவும் சிதறிற்று. வலிகாமம் வடக்கின் உயர்பாதுகாப்பு வலயத்தில் வளவை இழந்த குடும்பங்கள் பல தசாப்தங்கள் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தன. சீதன வளவே இல்லாதவிடத்து அதன்மேல் எழுந்த உறவு எங்ஙனம் நிலைக்கும்?

2009இன் பின்னர் நிலைமை மேலும் கூர்மையடைந்தது. கணவனை இழந்தும், காணாமலாக்கப்பட்டும், பிரிந்தும் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல பதினாயிரவர். நுண்கடன் கம்பெனிகள் அவர்களது வாசலைத் தேடி வந்தன. பராமரிப்பு நிலையம் தேடி வரவில்லை. இந்திய உதவியுடன் புனரமைக்கப்பெற்று 2014இல் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, கடலுணவு பதனிடும் நிலையங்கள், நகரத்துக் கடைகள் ஆகியன பெண்களின் உழைப்பை நாடின. வேலை உண்டு, பிள்ளையை விட இடமில்லை என்ற முரண்பாடு அன்றாட அனுபவமாயிற்று. நாட்டிலே தொழிற்படையிற் சேரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராகவே தசாப்தக்கணக்கில் தேங்கி நிற்பதன் காரணங்களுள் இது முதன்மையானது.

அரசின் மறுமொழி இருவகைப்பட்டது. ஒருபுறம் கொள்கை ஆவணங்கள் வெளிவந்தன. 2004ஆம் ஆண்டின் முன்பிள்ளைப்பருவப் பராமரிப்பும் அபிவிருத்தியும் பற்றிய தேசியக் கொள்கை அவற்றுள் ஒன்று. மறுபுறம், பராமரிப்பை வழங்குவதற்குப் பதிலாகத் தாயைத் தடுக்கும் வழி கைக்கொள்ளப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய பெண் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாது என்னும் விதி 2013இல் வந்தது. பொருளாதார நெருக்கடி முற்றி அந்நியச் செலாவணி அருகிய 2022இல் அவ்வயது எல்லை இரண்டாகத் தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் இடையில் மாறிவிடவில்லை. மாறியது திறைசேரியின் தேவையே.

நிர்வாகப் பொறுப்பும் தெளிவற்றுக் கிடந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பாயின. ஆனால் வடக்கில் மாகாண சபை உண்மையில் இயங்கியது 1988 இறுதி முதல் 1990 வரையும், பின்னர் 2013 முதல் 2018 ஒக்டோபர் வரையுமே. ஏனைய காலமெல்லாம் ஆளுநரின் நிர்வாகமே நிலவிற்று. போருக்குப் பின் வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளைத் தன் சம்பளப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டபோது, மாகாணத்தின் சொற்பக் கொடுப்பனவை நம்பியிருந்தோர் பெற்றதைப் பன்மடங்கு விஞ்சிய ஊதியம் அவர்களுக்குக் கிடைத்தது. பிள்ளை பராமரிப்புக்குப் பணமில்லை என்ற வாதம் அங்கே பொய்யாயிற்று. பணம் இருந்தது, அது சீருடைத் திணைக்களத்தின் வழியே வந்தது.

7

மேற்கூறியவற்றினின்றும் சில முடிவுகளை நாம் பெறலாம்.

குழந்தைப் பராமரிப்பை முதலாளியின் கடமையாக மட்டும் வகுத்த சட்டமரபு, நிலையான முதலாளி இல்லாத உழைப்பாளரைக் கைவிட்டது. குடாநாட்டுப் பெண்களிற் பெரும்பகுதியினர் அத்தகையோரே. எனவே உரிமை வேலை ஒப்பந்தத்தோடன்றிப் பிள்ளையோடு பிணைக்கப்படுதல் வேண்டும். செலவு தனி முதலாளியின் கணக்கிலன்றிப் பொது நிதியின் கணக்கில் எழுதப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, நேரம் பற்றியது. ஏலவே ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையக் கட்டடங்களும் முன்பள்ளிகளும் மதியத்துடன் மூடப்படாது, வயல் வேலையும் கடை வேலையும் முடியும்வரை இயங்குமாயின், புதுக் கட்டடங்களுக்குச் செலவிடுமுன்னரே பெரும்பயன் விளையும். அதற்குத் தேவை மதிய உணவும், இரண்டாம் வேளைக்கு ஓர் ஊழியரும், அவ்வூழியருக்கு வாழ்க்கைக்குப் போதிய சம்பளமுமேயாகும். தாயொருத்தியின் விடுதலையை மற்றொரு பெண்ணின் அரைக்கூலி மீது கட்டியெழுப்பும் பழைய தவற்றைப் பொது நிறுவனமும் மீளச்செய்தல் ஆகாது.

மூன்றாவது, சாதி பற்றியது. குறிச்சி அடிப்படையில் அமைந்த நிலையங்களை அவ்வாறே விட்டு நிதி வழங்கினால், உள்ள ஏற்றத்தாழ்வையே அரசு பேணுவதாக முடியும். எல்லாக் குறிச்சிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உறங்கி ஒரே பந்தியில் உண்ணும் இடமாகப் பராமரிப்பு நிலையம் அமையுமாயின், அது தாய்க்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கே பயன்தரும். சமபந்திக்கும் சமஆசனத்துக்கும் போராடிய மண் இது. அப்போராட்டம் பாடசாலையளவில் நின்றுவிட்டது. அதற்கு முற்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் அது நீட்டப்படல் வேண்டும்.

அம்மம்மாவின் முற்றத்தை மீட்டெடுப்போம் எனக் கூறுதல் எளிது. அம்முற்றம் சிலருக்கே இருந்தது என்பதையும், அதனைக் கூட்டிப் பெருக்கியவளுக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை என்பதையும் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. அங்குப் பிள்ளை பெற்ற அரவணைப்பை எல்லாப் பிள்ளைக்கும் உரியதாக்குவதும், அதை வழங்கும் கைகளுக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் அளிப்பதுமே இன்று நம்முன் உள்ள பணியாகும்.